கடைசி மாடு வரும் முன்

படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேருடைய உதடுகளும் அசைவதை டெல்லா கவனித்தாள். முதலில் ஏதோ ஜெபம் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பார்கள், மழைக்கு ஜெபிப்பார்கள், பள்ளிக்கூடக் கால்பந்துக்குக்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபிப்பார்கள். ஆனால் புல்வெளிக்கோழிகள் என்கிற காட்டுப் பறவைகளைப் பற்றிய படத்துக்கு நடுவே ஜெபிக்க என்ன வந்தது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஊர்க்கூடத்து ஜன்னல்களை எல்லாம் குதிரைப் போர்வைகளால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். பின்பக்கச் சமையலறையிலிருந்து சில்லிக் குழம்பு கொதிக்கும் வாசனையும், அதற்குத் தொட்டுக்கொள்ளச் சுட்டு அடுக்கியிருந்த பட்டைப்பொடி ரொட்டிச் சுருள்களின் வாசனையும் சேர்ந்து வந்து படம் பார்க்கிறவர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தன. அப்படியும் யாரும் எழுந்துபோகவில்லை. மூன்று வசந்தகாலம் விடியலுக்கு முன்னால் போய் ஒரு ப்ளைவுட் பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டெல்லா எடுத்த படம் அது. ஆண் கோழிகள் கழுத்துப் பையை ஆரஞ்சுப் பழம்போல ஊதிக்கொண்டு, காலி பாட்டில் வாயில் யாரோ ஊதுவதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டி ஆடியபோது கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. பெட்டைகள் அந்த ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் புல்லைக் கொத்திக்கொண்டு போனபோது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கைதட்டல்கூட வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த டெல்லாவுக்கு கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் பனிக்காலக் காட்சி வந்தது. மேலே டிரோன் பறக்கிறது. கீழே வெள்ளை வெளேரென்று மேடுகள். கிழவர் ஆர்லோ ஹ்ருஸ்கா இரண்டு குதிரைகள் பூட்டிய சறுக்குவண்டியில் காய்ந்த புல் ஏற்றிக்கொண்டு போகிறார். அவருக்குப் பின்னால், பனியில் விழுந்த தடத்தை விட்டு விலகாமல், கறுப்பு மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டைத் தாண்டி வந்துகொண்டே இருக்கின்றன. மாலை வெயில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு நீளமான நீல நிழலைக் கொடுத்திருக்கிறது. காட்சியின் நடுவில், தடத்தோரப் புல்லுக்குள் பதுங்கியிருந்த புல்வெளிக்கோழிகள் சட்டென்று கும்பலாக எழும்பி, வெளிச்சத்தைக் கலைத்துக்கொண்டு பறந்துபோகும். படம் முழுவதிலும் டெல்லாவுக்கு உயிரான காட்சி அதுதான். பொதுத் தொலைக்காட்சிக்காரர்கள் படத்தை வாங்கிக்கொண்டதே அந்தக் காட்சிக்காகத்தான். அதை அவள் நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பாள்.

நூறு தடவையில் ஒரு தடவைகூட அந்த மாடுகளை அவள் எண்ணவில்லை.

கூடம் எண்ணிக்கொண்டிருந்தது. ஹ்ருஸ்காவின் வேலிக்கு அடுத்த வேலிக்காரரான டுவைட் ஸ்டெங்கர் முன்வரிசையில் மடியில் கையை வைத்துக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி லவான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையை இம்மி இம்மியாக ஆட்டினாள். பாதிரியார்கூட, பாவம், பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், அவர் உதடும் அசைந்தது. கோழிகள் எழும்பிப் பறந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. 'ஹா' என்ற ஒரு சத்தம், ஒரு மூச்சு, ஒன்றுமே இல்லை. கடைசியாக ஒரு கிழட்டு மாடு மட்டும் மற்றவை எல்லாம் போன பிறகு ஆடி அசைந்து மேட்டைத் தாண்டி வந்தது. அதோடு காட்சி முடிந்தது. கூடம் மொத்தமும் ஒரே நேரத்தில் நாற்காலியில் பின்னால் சாய்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் டெல்லாவுக்கு விஷயம் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் ஒருவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்கலாம். மனைவி ஏன் கோபித்துக்கொண்டு போனாள், மூலத்துக்கு எங்கே அறுவை செய்துகொண்டாய், எதைக் கேட்டாலும் காபி ஆறும்வரை பதில் சொல்வார்கள். எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆளை நிறுத்திவைத்துச் சட்டைப் பையைத் துழாவுவதற்குச் சமம் அது. தெரியாத்தனமாக வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால், "கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஓமஹா நகரத்திலிருந்து பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வந்து, அப்படியே தங்கிவிட்டு, மாவட்டப் பத்திரிகையில் வாரா வாரம் 'வேலியோரம்' என்று பத்தி எழுதிக்கொண்டிருக்கும் டெல்லா வோகலுக்கு இது நன்றாகவே தெரியும். அவள் வாய் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவள் கேமரா கேட்டுவிட்டது. மாடுகளும் வரிசையில் வந்து பதில் சொல்லிவிட்டன.

முன்வரிசை ஓரத்தில், தலையை ஈரமாக வாரிக்கொண்டு, மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஆர்லோ, படம் ஓடும்போதே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

விளக்குப் போட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லோரும் கோழியைப் பற்றியே பேசினார்கள்.

"கோழிங்க பிரமாதம்மா!" என்று டுவைட் வந்து டெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் கோழியைத்தான் பாத்துட்டிருந்தேன். வேற எதையும் பாக்கல."

"ஆமா, இவரு எதையுமே பாக்கல," என்றாள் லவான். "விரல் சுளுக்கிக்கிச்சு, அவ்வளவுதான்."

"நீ சும்மா இருடி."

"நானும் பாக்கல. என் கண்ணாடி வீட்ல இருக்கு."

"மூக்கு மேல இருக்கு."

"இது வாசிக்கிற கண்ணாடி!"

டெல்லா கூட்டத்துக்குள் ஆர்லோவைத் தேடினாள். அவர் கிண்ணத்தில் குழம்பு பாதி இருந்தது. தட்டில் ரொட்டிச் சுருள் விரல் படாமல் அப்படியே இருந்தது. ஆள் இல்லை. சாவு வீட்டில்கூட இரண்டு சுருள் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். வெளியே சரளைக்கல்லை நசுக்கிக்கொண்டு அவருடைய பிக்கப் வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை டெல்லா தபால் ஆபீசுக்குப் போகும் வழியில் அந்த வண்டி எதிரே வந்தது. அங்கே எதிரெதிராக வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். கையை ஆட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள், ஒரு விரல், அவ்வளவுதான். ஆனால் அந்த விரல் இல்லாமல் அந்த ஊரில் உயிரோடு இருக்க முடியாது. முன்பொரு தடவை குள்ளநரிகளைப் பாராட்டி டெல்லா பத்தி எழுதியபோது அரை ஊர் அவளுக்கு விரல் தூக்குவதை நிறுத்தியது. கன்றுக்குட்டிகளைத் தின்கிற ஜந்துவுக்கு வக்காலத்தா என்று கோபம். அந்த வாரம் ஆர்லோ மட்டும் எதிரே வந்தபோதெல்லாம் இரண்டு விரல் தூக்கினார். அடுத்தவர் பங்கையும் சேர்த்துப் போட்டதுபோல. அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் தன்னுடைய தெற்கு மேட்டில் கோழிகள் ஆடுகிற இடத்தைக் காட்டி, "வா, போ. கேட்டை மட்டும் மூடிட்டுப் போ," என்று அனுமதி கொடுத்தார்.

இன்றைக்கு டெல்லா தூரத்திலேயே விரலைத் தூக்கிவிட்டாள். ஆர்லோவின் வண்டி நெருங்கியது, கடந்தது, போய்விட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஆணி அடித்தாற்போல இருந்தன. தூக்கிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் டெல்லா அதனாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

மதியம் மாட்டுச்சந்தை உணவகத்துக்குப் போனாள். டுவைட் எப்போதும்போல ஜன்னலோர மேஜையில் இருந்தார். டெல்லா எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், "நான் அவரைக் காட்டிக் குடுத்துட்டேன்ல?" என்றாள்.

டுவைட் காபியைக் கலக்கினார். அவர் சர்க்கரையே போட்டுக்கொள்ளாதவர்.

"என்னத்தைக் காட்டிக் குடுத்த? ரெண்டு வருஷம் மழை பொய்ச்சுது. அவன் இடுப்பும் போச்சு. பாதியை வித்தான். இங்க வித்தா நாலு பேரு பாப்பாங்கன்னு இந்தச் சந்தையைத் தாண்டி, அடுத்த சந்தையையும் தாண்டி, கொலராடோ எல்லை வரைக்கும் ஏத்திட்டுப் போய் வித்தான், முட்டாப்பய. அங்க சூட்டுக்குறி பாத்து எந்த மாடு யாரோடதுன்னு எழுதுறவன் யாரு தெரியுமா?"

"யாரு?"

"என் மச்சான்."

டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்!"

"எங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று டுவைட் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "நேத்து சும்மா சரிபாத்துக்கிட்டோம், அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு அவர் விரலைக்கூடத் தூக்க மாட்டேங்கிறார்?"

"மார்னிக்குத் தெரியாதே."

மார்னி ஆர்லோவின் ஒரே மகள். டென்வரில் பல் மருத்துவமனை ஒன்றை நிர்வகிக்கிறாள். அம்மா இறந்த நாளிலிருந்து, கீழ்த்தளத்தில் அப்பாவுக்கென்று ஒரு அறையைத் தயாராக வைத்துக்கொண்டு, வந்துவிடு வந்துவிடு என்று ஞாயிறுதோறும் போனில் நச்சரிக்கிறாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியுமாம். ஆர்லோவும் ஞாயிறுதோறும், "மந்தை முழுசா இருக்கும்மா, விட்டுட்டு எப்படி வர்றது?" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறார்.

"வியாழக்கிழமை டிவியில வருதுல்ல?" என்றார் டுவைட். "அவ பாப்பா. பாத்தா எண்ணுவா. இந்த வட்டாரத்துலயே அவ மாதிரி மாடு எண்ணுறவ கிடையாதும்மா. பத்து வயசுல கேட் மேல உக்காந்துக்கிட்டு, ஓடுற மாட்டை எண்ணுவா. நாங்க ஆளுக்கொரு கணக்குச் சொல்வோம், அவ சொன்னதுதான் சரியா இருக்கும். எண்ணி முடிச்ச மறுநாளே காரை எடுத்துக்கிட்டு வந்து அப்பனை மூட்டை கட்டிடுவா."

டெல்லா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள். வண்டியில் உட்கார்ந்து தொலைக்காட்சி நிலையத்துக்கு போன் போட்டாள். அந்தப் பனிக்காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். அங்கே படங்களைத் தேர்ந்தெடுக்கிற ஆள், "அம்மா, அந்தக் காட்சியைப் பாத்துட்டுத்தான் நான் இந்தப் படத்துக்குச் சண்டை போட்டேன். எடுக்கிறது உங்க இஷ்டம். ஆனா நீளம் இதே நீளம் இருக்கணும், புதன்கிழமை மதியத்துக்குள்ள வந்து சேரணும்," என்றார்.

அன்று மாலை முழுக்க டெல்லா அந்தக் காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டுவதற்காக அல்ல. வெட்டாமல் இருக்கக் காரணம் தேடினாள். டிரோன் பனியில் உறைந்து இரண்டு தடவை விழுந்ததும், விரல் மரத்துப்போய் லவான் வீட்டு அடுப்பில் காட்டியதும், அந்த வெயில் அப்படியொரு சாய்வில் விழக் குளிர்காலம் பூராவும் காத்திருந்ததும் நினைவுக்கு வந்தன. அதே சமயம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலும் நினைவுக்கு வந்தது. அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர், சிவப்பு கார், வெள்ளை கார் என்று எண்ணிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. ச்சீ என்று மடிக்கணினியை மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆர்லோ இறங்கினார். இறங்கி நேராக வாசலுக்கு வராமல் டெல்லாவின் வண்டியைச் சுற்றி வந்து ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். விறகுக் குவியலைப் பார்த்தார். பிறகுதான் கதவுக்கு வந்தார்.

"பின் டயர் தேஞ்சு போச்சு," என்றார்.

"ஆமா, மாத்தணும்."

"விறகைப் பட்டை மேல பாத்து அடுக்கணும். மழை உள்ள இறங்காது."

"சரி."

"காத்து வடக்கே திரும்புது."

"ஆர்லோ, உள்ள வாங்க. நான் காட்சியை எடுத்துடறேன். எனக்குப் புரிஞ்சுது. மன்னிச்சிடுங்க, நான் யோசிக்காமப் பண்ணிட்டேன்."

ஆர்லோ தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். அதில் பதில் எழுதியிருப்பதுபோல நெடுநேரம் பார்த்தார்.

"எடுக்கிறதா? யாரு எடுக்கச் சொன்னா?"

"இல்ல, நீங்க அன்னிக்குச் சாப்பிடாமக்கூடப் போயிட்டீங்க..."

"குதிரைங்க நல்லா வந்திருக்கும்மா," என்றார் ஆர்லோ மெதுவாக. "பெஸ்ஸும் ராயும். ரெண்டும் ஒரே சீரா காலெடுத்து வைக்குது பாத்தியா? நான் எப்பவும் பின்னாடியிலிருந்து அதுங்க முதுகைத்தான் பாத்திருக்கேன். மேலருந்து பாத்ததில்ல. நானும் ஒண்ணும் மோசமில்ல. கிழவன் மாதிரி தெரியல."

"தெரியல."

"அதனால எடுக்க வேணாம். ஆனா..." அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கடைசி மாடு வருதுல்ல. அது வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட முடியுமா?"

டெல்லா அவரைப் பார்த்தாள். நேற்றிலிருந்து வெட்டுவதா வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தோன்றவே இல்லை.

"கடைசி மாடு வந்தாதானே வரிசை முடிஞ்சுதுன்னு தெரியும்," என்றார் ஆர்லோ, கொஞ்சம் சுறுசுறுப்பாகி. "அது வரலைன்னா, வந்துட்டே இருக்குன்னு அர்த்தம். நாம பொய் சொல்லல. மாடு வருது, வருதுன்னு காட்டுறோம். அது எப்ப முடியும்னு நாம எதுக்குச் சொல்லணும்?"

சமையலறை மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஆர்லோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். மாடுகள் மேட்டைத் தாண்டி வந்தன. அவற்றில் ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லாமலே அறிமுகம் செய்தார். "இவளுக்கு அந்த வருஷம் கால்ல முள்ளுக்கம்பி குத்திச்சு. இவ எப்பவும் தண்ணித் தொட்டிக்கு முதல்ல போவா, திமிரு. இது டுவைட்டோட காளை வேலி தாண்டிப் பொறந்தது, அவன்கிட்ட சொல்லிடாதே." பிறகு திடீரென்று, "இங்க! இங்க நிறுத்து," என்று திரையில் விரலை வைத்தார்.

மேட்டின் விளிம்பில் ஒரு மாட்டின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிற இடம். டெல்லா அங்கே வெட்டினாள். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மாடுகள் வந்துகொண்டே இருந்தன. அந்த மேட்டுக்குப் பின்னால் கன்சாஸ் எல்லைவரைக்கும் மாடுகள் நிற்பதுபோல இருந்தது. முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதை ஒத்துக்கொள்ள டெல்லாவுக்குக் கொஞ்சம் வலித்தது.

"பெரிய பண்ணைக்காரன்டா ஹ்ருஸ்கா," என்றார் ஆர்லோ தனக்குத்தானே.

"ஆனா நீளம் குறைஞ்சு போச்சே. அந்த இடத்தை எதாவது வச்சு நிரப்பணும்."

ஆர்லோ யோசிக்கவே இல்லை. "அந்த ஓரத்துல ஆடுறான்ல, வால் கோணலா ஒருத்தன்? அவனை இன்னும் கொஞ்சம் காட்டேன்."

அது ஒரு சேவல். ஆடுகளத்தின் நடு இடத்தைப் பிடித்துக்கொண்ட பெரிய சேவல்களுக்கு வெளியே, முள்ளுச்செடிப் பக்கம், மூன்று வசந்தமும் தனியாக நின்று ஆடியது. ஒரு பெட்டையும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருதடவை ஒரு பெட்டை அந்தப் பக்கம் வந்தபோது உற்சாகத்தில் சுற்றிச் சுற்றி ஆடி முள்ளில் மாட்டிக்கொண்டது. படத்தில் டெல்லா அதற்குக் கொடுத்திருந்தது கண்சிமிட்டும் நேரம்.

"அவனை எதுக்கு?"

"யாரும் பாக்கலைன்னு அவன் ஒருநாளாவது லீவு போட்டானா?" என்றார் ஆர்லோ. "வை, சொல்றேன்."

வைத்தாள். முள்ளில் மாட்டிக்கொண்டதையும் சேர்த்தே வைத்தாள். கிளம்பும்போது ஆர்லோ அலமாரி மேலிருந்த ரொட்டிச் சுருள் பெட்டியைப் பார்த்தார். லவான் ஞாயிறன்று மிச்சமானதைக் கட்டிக் கொடுத்திருந்தாள். இரண்டைத் தின்றார். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். வண்டியைத் திருப்பிச் சாலையில் ஏறும்போது, ஸ்டியரிங்கிலிருந்து விரல் எழுந்தது. இரண்டு விரல்.

வியாழன் மாலை படம் ஒளிபரப்பானது. முடிந்து எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெல்லாவின் போன் அடித்தது. டென்வர் எண்.

"டெல்லாவா? நான் மார்னி ஹ்ருஸ்கா. ஆர்லோவோட பொண்ணு." குரலில் அவசரம். "படம் நல்லா இருந்துது. அந்த முள்ளுல மாட்டுற சேவலைப் பாத்து என் வீட்டுக்காரர் சோஃபாவிலிருந்து விழுந்துட்டார். சரி, அது கெடக்கட்டும். மிஸஸ் டார்ப் எங்க?"

"யாரு?"

"மிஸஸ் டார்ப். எங்க கிழட்டு மாடு. எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் பேரை நான்தான் அதுக்கு வச்சேன், மூஞ்சி அப்படியே இருக்கும். அவ எப்பவுமே கடைசியிலதான் வருவா. அவளை அப்பா விக்கவே மாட்டாரு, எனக்குத் தெரியும். படத்துல அவ வரல. அப்படின்னா நீங்க அதுக்கு முன்னாடியே வெட்டிட்டீங்க."

டெல்லா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சொல்லுங்க," என்றாள் மார்னி. "வெட்டினதுல எத்தனை மாடு இருந்துது?"

டெல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "மார்னி, அப்படியெல்லாம் கேக்கலாமா?"

எதிர்ப்பக்கம் பெரிய சிரிப்பு, போனைத் தள்ளிப் பிடிக்கவேண்டிய அளவுக்குச் சிரிப்பு. "ஐயோ, உன்னையும் கெடுத்து வச்சிருக்காரு எங்கப்பா! சரி, எத்தனைதான் இருக்குன்னு அவரையே கேட்டா என்ன சொல்வாரு?"

"கொஞ்சம் இருக்குன்னு சொல்வார்."

"ம்." சிரிப்பு மெல்ல அடங்கியது. "படம் ஆரம்பத்துல அப்பா வண்டியிலருந்து இறங்குறாரு பாரு. ராயோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இடது காலை மட்டும் முதல்ல வச்சு. குதிரை அசையாம நிக்குது, அதுக்குப் பழகிப் போயிருக்கு. எவ்வளவு நாளா இப்படி? மாட்டை வெட்டினீங்க சரி, ரெண்டு பேரும் இடுப்பை வெட்ட மறந்துட்டீங்களே."

டெல்லாவுக்கு அந்தக் காட்சி நன்றாக ஞாபகம் இருந்தது. குதிரை மூச்சுவிட்ட ஆவியில் வெயில் பட்டு மின்னியதற்காகத்தான் அதை வைத்திருந்தாள்.

"ரொம்ப வலியா?" என்றாள் மார்னி.

"கேட்டா கொஞ்சம் வலின்னு சொல்வார்."

டென்வரில் எங்கேயோ ஒரு கார் ஹாரன் அடித்தது.

"கன்னுக்குட்டிங்களுக்குச் சூடு போடுறது இந்த வருஷம் எப்ப? அப்பாவைக் கேட்டா தேதி சொல்ல மாட்டாரு. நீ சொல்லு."

"மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. டுவைட் வீட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க. எதுக்கு? அவரைக் கூட்டிட்டுப் போகவா?"

"தெரியல," என்றாள் மார்னி. "வந்து பாத்தாதான் தெரியும். வரேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க இன்னும் அந்தக் கடையில பூட்ஸ் கிடைக்குதா? என்னுது உள்ள கால் நுழைய மாட்டேங்குது. இங்க விக்கிறதெல்லாம் டான்ஸ் ஆடுறதுக்குத்தான் லாயக்கு," என்றாள்.

போனை வைத்த பிறகு டெல்லா சற்று நேரம் சமையலறையில் அங்குமிங்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, வெட்டாத பழைய காட்சியை, முழுசாக, முதலிலிருந்து ஓடவிட்டாள். பெஸ்ஸும் ராயும் ஒரே சீராகக் காலெடுத்து வைத்தன. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் மாடு வந்தது, இரண்டாவது வந்தது, அதன்பின் காலில் முள்ளுக்கம்பி குத்தியவள், திமிர்பிடித்தவள், டுவைட்டின் காளைக்குப் பிறந்தவள். தன் உதடுகள் அசைவதை டெல்லா உணர்ந்தாள். அடக்கிக்கொள்ளவில்லை. யாரிடமும் கேட்கவில்லையே, சொல்லப்போவதும் இல்லையே. வரிசை வளைந்து வந்தது, எண்ணிக்கை ஏறியது, நடுவழியில் தடத்தோரப் புல் சிலிர்த்தது, கோழிகள் படபடவென்று எழும்பின. அவள் கண் அவற்றோடு போய்விட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது மிஸஸ் டார்ப் மேட்டின்மேல் நின்றுகொண்டிருந்தாள். எண் எங்கேயோ தொலைந்திருந்தது.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். இந்தத் தடவை விரலை மேஜையில் வைத்து, டுவைட்டைப்போல, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தட்டு. மாடுகள் வந்தன, தட்டினாள், வந்தன, தட்டினாள். புல் சிலிர்த்தது. பனியிலிருந்து அத்தனை சிறகும் ஒன்றாகக் கிளம்பி, மாலை வெயிலைக் கிழித்துக்கொண்டு, திரையின் இடது மூலையைத் தாண்டி வெளியே போயின. டெல்லாவின் விரல் மேஜைக்கு மேலே பாதியிலேயே நின்றது.